கடைசியாகத் தெரிந்த இடம்

மோகனப்ரியா வரதய்யபாளையத்தில் வந்து இறங்கிய அன்று மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்தே அந்தச் சத்தம் கேட்டது. ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் அடுப்பு வைத்த அட்டைப்பெட்டியுமாக, சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வீட்டைக் கண்டுபிடித்தாள்.

பழைய வீடு. முன்பக்கம் மில். நடுவில் வீட்டுக்காரி செல்லியம்மா குடியிருக்கும் இரண்டு அறைகள். பின்னால், ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய நீளமான அறை ஒன்று, தனி வாசலோடு. அதைத்தான் அவள் வாடகைக்குப் பேசியிருந்தாள். சுவர்களில் மூட்டை உரசிய தடங்கள் தோள் உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தன. ஒரே ஒரு ஜன்னல்.

"ஒண்டியாவா வந்துக்கினே? ஊட்டுக்காரர் வரலியா?" என்று செல்லியம்மா கேட்டாள்.

"இல்லீங்க. தவறிட்டாரு."

"அய்யய்யோ. எப்போ?"

"ஐப்பசில."

எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. செல்லியம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை. "தண்ணி காலையில ஆறு மணிக்கு வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மோகனப்ரியாவின் முகம் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. கணவன் ஹரிபிரசாதைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அவன் வீட்டில் பேசிக்கொண்டார்கள். துக்கமும் இல்லை, விடுதலையும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு உடம்பு முழுக்கப் பரவி, இறங்காமலே நின்றுவிட்டது போல இருந்தது.

ஹரிபிரசாத் விதைக் கம்பெனி விற்பனைக்காரன். வேர்க்கடலை விளையும் ஊர்களில் பைக்கில் சுற்றுகிறவன். கல்யாணமான மூன்றாம் நாள் அவளுக்குப் புது போன் வாங்கிக்கொடுத்தான். கணக்கு திறந்ததும் அவன்தான், கடவுச்சொல் போட்டதும் அவன்தான். இருக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் காட்டும் வசதியைத் திறந்து, 'எப்போதும்' என்று வைத்தான்.

"நீ எனக்குத் தெரிவே. நானும் உனக்குத் தெரிவேன். இதுல இன்னா தப்பு கீது?" என்றான்.

அவன் எங்கே இருக்கிறான் என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் நாள் முழுக்கப் பார்த்தான். பார்த்துவிட்டும் போன் செய்வான். ரேஷன் கடை வரிசையில் நின்றால் மணி அடிக்கும். "எங்க கீறே?" அவனுக்குத் தெரியும். அவள் சொல்வதும் வரைபடம் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் கேட்பான். நான்கு வருடம் அப்படியே போனது.

ஐப்பசி மழையில், கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் சாலையின் ஒரு வளைவில், ரெயின்கோட் போட்டபடி ஒரு லாரியின் அடியில் போனான். அதற்குச் சற்று முன்புதான் அவளை அழைத்திருந்தான். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு எடுக்கலாம் என்று விட்டுவிட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த அவன் போன் இரண்டு துண்டாக இருந்தது. அவன் அண்ணன் அதை ஏரியில் வீசிவிட்டார்.

அதன் பிறகு அவள் ஒரு மாதம் கார்வேட்டிநகரத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஐந்து மாதம் விஜயபுரத்தில் அண்ணன் வீட்டில். ஸ்ரீசிட்டியில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் சத்தியவேட்டில் பெண்கள் விடுதியில் இரண்டு மாதம். இப்போது இந்த நீள அறை. போனை மட்டும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இங்கே வந்த கொஞ்ச நாளில் கண் வலிக்க ஆரம்பித்தது. வார விடுமுறை அன்று மதியம், சத்தியவேட்டில் கண் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று பார்க்க வரைபடத்தைத் திறந்தாள். விரல் தவறுதலாகப் பட்டு ஊர்கள் எல்லாம் சின்னதாயின.

மேற்கே, ஒரு சாலை வளைவில், சின்ன வட்டத்துக்குள் ஹரிபிரசாதின் முகம் இருந்தது.

கல்யாணத்துக்கு எடுத்த படம். அதன் மேல் தட்டினாள். பெயர் வந்தது. பெயருக்குக் கீழே ஒரு சொல்.

'இப்போது.'

பழையது ஏதோ அழியாமல் இருக்கிறது என்று நினைத்தாள். போனை வைத்துவிட்டுக் கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள்.

மறுநாள் ஷிப்டு முடிந்து, கேட்டில் பூட்டி வைத்திருந்த போனைத் திரும்ப வாங்கும்போது அந்த ஞாபகம் வந்தது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பார்த்தாள். முகம் வளைவில் இல்லை. கார்வேட்டிநகரத்தில் இருந்தது. மாமியார் வீட்டுத் தெருவில்.

அதற்கு அடுத்த நாள் அது புத்தூர் சாலையில் போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாள். மனிதன் நடக்கும் வேகம். எங்கும் நிற்கவில்லை. இரவெல்லாம் நடந்திருக்க வேண்டும். காலையில் அது விஜயபுரத்தில், அவள் அண்ணன் வீட்டின் மேல் நின்றது.

அவள் பயந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. விரல்கள் மட்டும் சில்லென்று இருந்தன.

அது அங்கே வந்த மூன்றாம் நாள் அண்ணி கன்னிகா போன் செய்தாள்.

"பிரியா, நீ ஊருக்கு வந்தியா?"

"இல்லியே அண்ணி. வேலைக்குப் போய்க்கினு தான கீறேன்."

"அப்போ உன் ரூம்ல யாரு?"

"இன்னா அண்ணி சொல்றே?"

கன்னிகாவின் குரல் தணிந்தது. "முந்தாநாள்லேருந்து அந்த ரூம்ல ஒரு வாசனை. நனைஞ்ச ரெயின்கோட்டு மடிச்சி வச்சா வருமே, அது மாதிரி. நேத்து மத்தியானம் கட்டில் சத்தம் கேட்டுச்சி. நீதான் வந்து படுத்துக்கினியோன்னு போய்ப் பாத்தேன். யாரும் இல்ல. நீ படுக்குற பக்கம் மட்டும் பெட்ஷீட்டு ஈரமா கீது. வெளிய நெருப்பா வெயிலு அடிக்குதுடி."

மோகனப்ரியா போனைக் காதிலிருந்து எடுத்து வரைபடத்தைத் திறந்தாள். முகம் அண்ணன் வீட்டில் இருந்தது. வீட்டின் வலது பக்கத்தில். அவள் அறை வலது பக்கம்தான்.

அன்று மாலை, தொழிற்சாலையிலிருந்து வந்து கால் கழுவாமலே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கார்வேட்டிநகரத்தில் அவள் ஒரு மாதம் இருந்தாள். அது ஒரு நாள் இருந்தது. விஜயபுரத்தில் அவள் ஐந்து மாதம். அப்படியென்றால் அங்கே அதற்கு ஐந்து நாள். அடுத்தது சத்தியவேடு விடுதி, இரண்டு நாள்.

பிறகு இங்கே.

அவள் எட்டு மாதமாக எங்கெங்கே இருந்தாளோ அதையெல்லாம் அவளுடைய போன் எழுதி வைத்திருந்தது. அந்த எழுத்தைப் படித்துக்கொண்டே அது வருகிறது.

தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் பிரித்திகாவிடம், போனில் நம்மைக் கண்காணிப்பதையெல்லாம் முழுக்க எடுக்க முடியுமா என்று கேட்டாள். பிரித்திகா ஏன் என்று கேட்கவில்லை. "திருப்பதில ரமணான்னு ஒருத்தர் கீறாரு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுர சந்துல கடை. என் தங்கச்சிக்கு எடுத்துக் குடுத்தாரு" என்றாள்.

லீவு போட்டுவிட்டு ஒரு நாள் காலையிலேயே மோகனப்ரியா திருப்பதிக்குப் பஸ் ஏறினாள். முகம் சத்தியவேட்டில் இரண்டாம் நாளாக நின்றுகொண்டிருந்தது.

ரமணாவின் கடை ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவுதான். கண்ணாடி மேஜை, கம்ப்யூட்டர், வாடிக்கையாளர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ரமணாவுக்கு நாற்பது வயது இருக்கும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். அவள் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆஃப் பண்றது வேற, எடுக்கறது வேறம்மா" என்றார். "நீ ஆஃப் பண்ணாலும் உள்ள இருக்கறது கேட்டுக்கினே இருக்கும். பக்கத்துல எந்த வைஃபை, எந்த டவர், எல்லாம் கணக்கு. கம்பெனிலயே உள்ள வெச்சி அனுப்பறது. இதுல போட்டு ஒண்ணொண்ணா எடுக்கணும்." கம்ப்யூட்டரோடு போனை ஒயரில் இணைத்தார். திரையில் பெயர்கள் வரிசையாக ஓடின.

"யாரு பாக்கறாங்கன்னு தெரியுமா?"

"ஊட்டுக்காரரு."

ரமணா தலையை நிமிர்த்தவில்லை. இப்படிக் கேட்டுவரும் பெண்களை நிறையப் பார்த்திருப்பார் போல. "சரேம்மா" என்றார். பிறகு, "ஒரு விஷயம். இது ரெண்டு பக்கமும் இருக்கறது. நீ அவருக்குத் தெரியாம போனா, அவரும் உனக்குத் தெரிய மாட்டாரு. எங்க வந்துக்கினு இருக்காருன்னு பாத்து நீ ஒதுங்கிக்கலாம்னா, அது இனிமே முடியாது. யோசிச்சிக்கோ."

அவள் யோசித்தாள். வருவது தெரிவது நல்லதா, தெரியாமல் இருப்பது நல்லதா.

"எடுங்க" என்றாள்.

"மொதல்ல பழைய கணக்கை அழிக்கறேன். எட்டு மாசம், பத்து மாசம், எங்க எங்க போனேன்னு வெச்சிருக்கும்." விசைகளைத் தட்டினார். "ஆச்சு. இனிமே உன் பழைய வழி எதுவும் இதுல இல்ல."

போன் அவள் பக்கம் திரும்பி இருந்தது. வரைபடம் திறந்தே கிடந்தது.

சத்தியவேட்டில் முகம் இல்லை.

அவள் தேடினாள். முகம் ஸ்ரீகாளஹஸ்தி சாலையில் இருந்தது. கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தபோது இன்னும் மேற்கே வந்திருந்தது.

இப்போது அது நடக்கவில்லை.

பழைய வழியெல்லாம் அழிந்த பிறகு அவளைப் பற்றி அந்தப் போனுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இந்தக் கடை.

"சீக்கிரம் எடுங்க" என்றாள்.

"ஒண்ணொண்ணாதாம்மா போகும். தொலைஞ்ச போனைத் தேடறது, இது போச்சு. விளம்பரத்துக்குக் குடுக்கற நம்பரு, இதுவும் போச்சு."

ரேணிகுண்டா.

"புளூடூத்ல பக்கத்துல யாருன்னு பாக்கறது."

ரயில்வே மேம்பாலம்.

"இன்னும் எத்தினி கீது?"

"நாலு."

பஸ் ஸ்டாண்ட்.

வெளியே மலைக்குப் போகும் பஸ்களுக்கு ஆள் கூப்பிடும் குரல்கள் கேட்டன. மொட்டை அடித்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம் சந்தில் போய்க்கொண்டிருந்தது. ஆனி மாத வெயில் எதிர்ச் சுவரில் வெள்ளையாக அடித்தது.

அந்த வெயிலுக்குள்ளிருந்து வாசனை வந்தது.

நனைந்த ரெயின்கோட்டின் வாசனை.

ரமணா மூக்கை உறிஞ்சினார். வாசலைப் பார்த்தார். "மழையா வருது?"

அவள் போனைப் பார்த்தாள். அவளைக் காட்டும் நீலப் புள்ளி கடையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், விரல் அகலம் தள்ளி, முகம்.

விரல் அகலம் இல்லை.

தொட்டுக்கொண்டிருந்தது.

"கடைசி ஒண்ணு" என்றார் ரமணா. "இடம் காட்டறதோட வேரு இதுதான். எடுத்துடவா?"

"எடுங்க" என்று தலையை அசைத்தாள்.

வரைபடம் சாம்பல் நிறமாகியது. சாலைகள் போயின. ஊர்கள் போயின. முகம் போயிற்று.

கடைக்குள் யாரும் இல்லை. ரமணா, அவள், மேலே சுற்றும் விசிறி. அவ்வளவுதான். வாசனையும் நின்றுவிட்டிருந்தது.

"இனிமே இந்தப் போனுக்கே நீ எங்க இருக்கேன்னு தெரியாது" என்று சொல்லி ரமணா போனைக் கொடுத்தார்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. விஜயபுரத்து அறையில் வாசனை போய்விட்டதாகக் கன்னிகா சொன்னாள். மோகனப்ரியா வேலைக்குப் போனாள், வந்தாள், மில் சத்தத்தில் தூங்கினாள். செல்லியம்மா சில நாள் குழம்பு கொடுத்து அனுப்பினாள். சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை என்றாலும் சாப்பிட்டாள்.

நான்காம் வாரம், மதியம் மூன்று மணிக்கு, ரமணா அழைத்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைக்காதே. உன் வீட்டுக்காரரு தமிழாளா?"

"ஆமாங்க."

"உயிரோட இருக்காரா?"

"ஐப்பசியிலயே தவறிட்டாருங்க" என்றாள்.

"தேவுடா" என்றார் மெல்ல. பிறகு சொல்லத் தொடங்கினார். கடையில் அவள் உட்கார்ந்த நாற்காலி தினமும் காலையில் ஈரமாக இருக்கிறது. துடைத்தால் பத்து நிமிடத்தில் மறுபடி ஈரம். வருகிறவர்கள் யாரும் அதில் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. நிற்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறார்கள்.

"அது பர்வாலேதும்மா. நாற்காலி போனா போவட்டும். ஆனா என் சம்சாரம்… அவளுக்கு என் நம்பர்லேருந்து போன் போவுது. நான் பண்ணல. ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது தடவை. எடுத்தா ஒரு ஆம்பளை பேசறான். அவளுக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். அந்தாளு தமிழ்ல கேக்கறான். அர்த்தம் தெரியாம என்கிட்ட அப்படியே சொல்லிக் காட்டறா. 'எங்க கீறே, எங்க கீறே'ன்னு."

மோகனப்ரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நேத்து புள்ளைங்களைக் கூட்டிக்கினு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. உன் மேல கோவம் இல்லம்மா. என்ன பண்றதுன்னு தெரியல, அதான் கேட்டேன்."

அவர் வைத்துவிட்டார். அதை வந்து அழைத்துக்கொண்டு போ என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஒருவேளை போகாமல் இருந்திருப்பாள்.

அது எங்கே போகும் என்று அவள் அன்றே யோசித்திருக்க வேண்டும். போன் கடைசியாகச் சொன்ன இடத்துக்குத்தான் போகும். அங்கேயே நிற்கும். அவள் தப்பித்தாள். தெருவில் போகிற, அவளுக்கு நல்லது செய்த ஒரு மனிதனிடம் அதை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் திருப்பதிக்குப் போனாள்.

கடை திறந்திருந்தது. ரமணா வெளியே சந்தில் நின்றுகொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"நீங்க இங்கயே இருங்கண்ணா" என்றாள்.

உள்ளே போனாள். வாசனை தொண்டையில் இறங்கியது. நாற்காலியின் மீது தண்ணீர் மெல்லிய தகடாக நின்றது. விசிறிக் காற்றில் அது நடுங்கவில்லை. நாற்காலிக்கு எதிரே, ரமணா உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன்" என்றாள்.

விசிறி நின்றது.

மேஜையின் மேல் பழுதுக்கு வந்து கிடந்த போன்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. ஒயர் இல்லாதவை, பேட்டரி கழற்றியவை, திரை உடைந்தவை. எல்லாவற்றிலும் வரைபடம். எல்லாவற்றிலும் ஒரே ஒரு நீலப் புள்ளி.

மிக அருகில், யாரோ மூச்சு இழுக்கும் ஓசை கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து இழுப்பது போல.

"எங்க…"

"சொல்லாதீங்க" என்றாள் மோகனப்ரியா. "நான் பேசறேன். நாலு வருஷத்துல நீங்க என்னை ஒரு வாட்டி கூடப் பேச விட்டதில்ல."

ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். 

"எங்க கீறே, எங்க கீறேன்னு ஒரு நாளைக்கு நாப்பது வாட்டி கேப்பீங்க. எப்டி கீறேன்னு ஒரு வாட்டி கேட்டீங்களா? அன்னிக்கு நீங்க போன் பண்ணப்போ எனக்குக் கை ஒழியல. கையெல்லாம் மாவு. வேணும்னு விடல. ஆனா எடுக்காத அந்த ஒரு நிமிஷம் எனக்கு நல்லா இருந்திச்சி. நீங்க கூப்புட்டுக்கினே கீறீங்க, நான் எடுக்கல. அது நல்லா இருந்திச்சி. அதை யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்லிட்டேன்."

நாற்காலியின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"இனிமே நான் எங்க கீறேன்னு சொல்ல மாட்டேன். அந்தம்மாவ உட்ருங்க. அவங்க உங்களுக்கு இன்னா பண்ணாங்க? தேடாதீங்க."

தன் போனிலிருந்து சிம்மை எடுத்தாள். போனை அந்தத் தண்ணீரின் மேல் வைத்தாள். வைத்தபோது அவள் விரல்களின் மேல், ஒரு கணம், இன்னொரு கையின் எடை இருந்தது. குளிர்ந்த, பழக்கமான எடை. மோதிரம் கூட உறுத்தியது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாக எடுத்தாள்.

மேஜை மேல் இருந்த திரைகள் எல்லாம் அணைந்தன. விசிறி சுற்றத் தொடங்கியது.

வெளியே வந்து ரமணாவைக் கும்பிட்டாள். பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தாள். ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்து பொங்கல் வாங்கிச் சாப்பிட்டாள். மிளகு காரமாக இருந்தது. அது காரம் என்று தெரிந்ததும், எட்டு ஒன்பது மாதத்தில் முதல்முறையாக, கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் அதற்கு மிளகைத்தான் காரணமாக நினைத்திருப்பார்கள்.

பிறகு ஒரு பட்டன் போன் வாங்கிக்கொண்டாள். பேசலாம், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து ரமணா அதில் அழைத்தார். மனைவி திரும்பி வந்துவிட்டாள். போன் வருவது நின்றுவிட்டது. நாற்காலி காய்ந்துவிட்டது. அவள் வைத்துவிட்டுப் போன போன் மறுநாள் காலையில் கடைக்குள் இல்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. "நான் தேடலம்மா" என்றார் ரமணா. அவளும் தேட வேண்டாம் என்றாள்.

ஆடி போனது, ஆவணி போனது. தொழிற்சாலையில் நான்கு பெண்களின் வேலையை மேற்பார்க்க அவளைச் சொன்னார்கள். பிரித்திகாவோடு சூலூர்பேட்டைக்குப் போய்ப் புடவை எடுத்தாள். சில நாள் சிரித்தாள். மரப்பு முழுக்கப் போகவில்லை. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உணர்வு வந்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரண்ட் இல்லாமல் மில் ஓடாத ஒரு விடுமுறை நாள். பகல் பதினொரு மணி. வானம் இருட்டிக்கொண்டு, மூன்று மணி நேரமாக ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நடு அறை ஜன்னலிலிருந்து செல்லியம்மா குரல் கொடுத்தாள்.

"பிரியா! உன் வாசல்ல யாரோ நின்னுக்கினு கீறாங்க பாரு. பாவம், கதவு கூடத் தட்டல. உள்ள கூப்புடு, நனையறாங்க."

மோகனப்ரியா கையிலிருந்த துணியை வைத்தாள். கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை.

வாசலில் சிமெண்டுத் தரை. மேலே கூரை கிடையாது. மழை அதன் மேல் நேராக விழுந்து, தெறித்து, ஓடிக்கொண்டிருந்தது. சுவர், படி, செம்பருத்திச் செடி எல்லாம் நனைந்து கறுத்திருந்தன.

கதவுக்கு நேர் எதிரே, இரண்டு பாதங்கள் வைக்கும் அளவுக்கு, தரை காய்ந்திருந்தது.

வெள்ளையாக, உலர்ந்து, ஓரங்கள் தெளிவாக. விரல்கள் அவள் பக்கம் பார்த்தபடி.

அவள் நின்று பார்த்தாள். எந்த வாசனையும் இல்லை. யாரும் 'எங்க கீறே' என்று கேட்கவில்லை; எந்தப் போனும் சொல்லாமலே அது வந்து சேர்ந்திருந்தது. மழையின் சத்தம் மட்டும்.

"யாருடி?" என்று செல்லியம்மா மறுபடி கேட்டாள்.

"யாரும் இல்லீங்க" என்றாள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மிச்சத் துணியை மடித்து முடித்தாள். சாயங்காலம் மழை இன்னும் பெய்துகொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

காய்ந்த தடம் அப்போதும் இருந்தது. ஓர் அடி கிட்டே வந்திருந்தது.